ரெண்டாவது உலை

உக்காருங் அம்மிணி. அந்தச் சேருல வேண்டாம், கால் ஆடும், இப்படி வாங். டூர் ஆபீசுல இருந்து ஆளு வருதுன்னு போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரியும், அந்த மாசிலாமணி சங்கதியாத்தான் இருக்கும்னு. ஒரு சமையக்காரனுக்காக ஈரோட்டுல இருந்து கோபிக்கு ஆளை அனுப்பறாங்க பாருங், உங்க முதலாளிக்கு வேற வேலை இல்லீங்களா? காப்பி குடிங் மொதல்ல. சக்கரை போதுமுங்களா?

நான் எழுதிக் குடுத்ததுல ஒரு எழுத்தும் மாத்தறதுக்கில்லை. இப்பவே சொல்லிப்போடறேன். இருபத்திரண்டு பேரு கையெழுத்துப் போட்ட புகார் அது. எழுதினது நான், மொதக் கையெழுத்தும் நான். துளசிமணின்னு குண்டு குண்டா இருக்கும் பாருங், அதுதான். எங்களுக்குன்னு மூட்டை கட்டி எடுத்துட்டுப் போன அரிசியை ஊரான் வயித்துல கொட்டிப்போட்டு, கடைசி ரெண்டு நாளும் எங்களை ரொட்டியும் வாழைப்பழமும் தின்ன வெச்சான் அந்த ஆளு. இதுல விசாரிக்க என்னங்க இருக்குது?

என்னது? எங்கள்ல ஒருத்தர் சொல்லித்தான் போட்டேங்கறானா? யாருன்னு பேரு சொன்னானா?

சொல்லலையா. ம். பேரைச் சொல்லாட்டி வேலை போயிரும்னு சொல்லியும் வாயைத் தொறக்கலையா. அப்பப் பொய்யின்னு அர்த்தமுங். நெசமா இருந்தா சொல்லிப்போட்டுப் போறான், வாயில என்ன கொழுக்கட்டையா? மத்தவங்க ஊட்டுக்கெல்லாம் போயிட்டுத்தான் கடைசியா இங்க வந்தீங்களா? எல்லாரும் நாங்க சொல்லலைன்னுதான் சொல்லுவாங்க. அவங்கதான் படகுல போயிட்டாங்களே.

சரி, மொதல்ல இருந்தே சொல்றேன். அப்பத்தான் அந்த ஆளோட லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு இந்தக் கம்போடியா போகோணும்னு ஆசையே இல்லீங். என்ற சம்பந்தியம்மா கூப்பிட்டாங்க, என்ற மக கோமதியோட மாமியார். சம்பந்தி கூப்பிட்டு வரலைன்னு சொன்னா அது யாரு தலையில விடியும்? என்ற மக தலையில. ஒம்பது நாளு, சமையக்காரர் கூடவே வர்றாரு, மூணு வேளையும் நம்மூருச் சாப்பாடுன்னு நீங்கதான நோட்டீசுல போட்டிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் சரின்னேன்.

போனா, அது ஒரு ஊருங்களா? கோயிலு கோயிலுன்னு கூட்டிட்டுப் போறாங்க, உள்ள சாமி இல்லை, விளக்கு இல்லை, துன்னூறு குடுக்க ஒரு ஆளு இல்லை. மரந்தான் இருக்குது. வேரு செவுத்தைப் புடிச்சுப் பொளந்துட்டு நிக்குது, அதை உலகமே வாயைத் தொறந்து பார்த்துட்டு நிக்குது. நம்மூர்ல மதிலு மேல ஒரு அரசங்கன்னு மொளைச்சா அன்னைக்கே புடுங்கிப் போட மாட்டமுங்களா? கேட்டா சம்பந்தியம்மா, 'ஆயிரம் வருசத்து மரமுங்க'ங்கறாங்க. ஆயிரம் வருசமா ஒருத்தனுக்குக் கத்தி கெடைக்கலையான்னு கேக்க வாயில வந்துச்சு. சம்பந்தியாச்சேன்னு முழுங்கிக்கிட்டேன்.

அதை விடுங். அந்தச் சனம் இருக்குதே. வண்டி எங்க நின்னாலும் வந்து நிக்கும். கையில வளையலு, விசிறி, படம் போட்ட துணி. வாங்கலைன்னா போகோணுமல்ல? போகாது. பேசாது, திட்டாது, அழுவாது. சும்மா நின்னு பார்த்துட்டே இருக்கும். எனக்குக் கை ஏந்தறவங்களைக் கூடப் புடிக்கும், ஒண்ணு போடறோம் இல்லைங்கறோம், ரெண்டுல ஒண்ணு முடிஞ்சு போகுது. இந்தப் பார்த்துட்டு நிக்கறது இருக்குதே, அது என்ன பழக்கமுங்க?

எங்க கூட சுலோசனா டீச்சர்னு ஒருத்தர் வந்தாங்க, ரிட்டயர் ஆனவங்க. இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து அந்தம்மாவே வெசனப்பட்டாங்க. ஒரு பை நெறையப் பேனா, பிஸ்கட். புள்ளைகளை வரிசையா நிக்க வெச்சு ஆளுக்கு ஒரு பேனாவைக் குடுத்து, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. பேனாவை வெச்சு அதுக எதுல எழுதும்? அப்பறம் வண்டியில ஏறி, 'மனசே சரியில்லீங்க துளசிமணி'ம்பாங்க. வண்டி கெளம்பிச் சித்த நேரத்துல முறுக்குப் பொட்டலம் பிரியும், ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கன்னு டிரைவருக்குச் சைகை போகும். அந்தம்மாவுக்கு மனசு சரியில்லாமப் போறது வண்டி நிக்கற எடத்துல மட்டுந்தான்.

நான் அப்படியில்லீங். நான் பார்க்கறதே இல்லை. எனக்கு வெசனமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாங்களும் இல்லாத ஊட்டுல பொறந்தவங்கதான். என்ற அப்பன் ஊட்டுல கம்பங்கூழுதான், அதுவும் ஒரு வேளை. ஆனா அடுத்தவன் திங்கற எடத்துல போய் நின்னமா? நின்னிருந்தா எங்கம்மா கண்ணை நோண்டியிருக்கும்.

அஞ்சாவது நாளு ஒரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஏரியா அது, கடலு. தண்ணி மேலயே ஊடு கட்டிப் பொழைக்கற சனமாம், அதைப் படகுல போய்ச் சுத்திப் பார்க்கோணுமாம். அடுத்தவன் ஊட்டுல துணி காயறதைப் பார்க்க ஒரு படகு. கரையில நாலு பக்கமும் தொறந்து கெடக்கற ஒரு கொட்டாயில மாசிலாமணி அடுப்பு மூட்டியிருந்தான். அவன் சமையலைக் குத்தஞ்சொல்ல மாட்டேன், அது வேற. முருங்கக்காச் சாம்பார், பீன்ஸ் பொரியலு, ரசம், அப்பளம். அங்கயும் வாழை இருக்குது, அதை மட்டும் மெச்சோணும். இலை போட்டு உக்காந்தோம்.

உக்காந்து ரெண்டு கை வாயில வெக்கலை, வந்துட்டாங்க. கொட்டாய்க்கு வெளிய, வெயில்ல, பொம்பளைகளும் கெழடுகளும் புள்ளைகளுமா. உங்க ஊட்டுல எப்படியோ, எங்க பக்கம் சோறு திங்கறப்பக் கதவைச் சாத்திப்போடுவோம். பசிச்ச கண்ணு பட்டா வயித்தைப் புடிச்சுக்கும். அங்க கதவுக்கு எங்க போறது? ஒரு பொம்பளை, வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, நேரா என்ற இலைக்கு எதுக்க நின்னா. இருபத்திரண்டு இலை இருக்குது, அவளுக்கு என்ற இலைதான் தெரிஞ்சுது. நான் மூணாங்கை எடுக்கறேன், அவ என்ற கையையே பார்க்கறா. கை வாய்க்கு வர்ற வரைக்கும் கூடவே வருது அவ கண்ணு.

அன்னைக்குப் புடிச்ச வயித்து வலிதானுங்க, இந்தா, இன்னைக்கு வரைக்கும் உடலை. ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கறாரு டாக்டர். மொளகா, உப்பு, முச்சந்தி மண்ணு எல்லாம் வெச்சுச் சுத்திப் போட்டாச்சு. அடுப்புல போட்டா நெடியே வரலை, அவ்வளவு கண்ணு. இப்பெல்லாம் நான் சமையக்கட்டுக் கதவைத் தாழ் போட்டுத்தான் திங்கறேன். அப்பவும் மூணாங்கை எறங்கறதில்லை.

சாப்பிட்டு முடிஞ்சு எல்லாரும் படகுக்குப் போனாங்க. எனக்குத் தண்ணின்னா தலை சுத்தும், பவானி ஆத்துல பரிசல்லயே ஏற மாட்டேன். நான் கொட்டாயில உக்காந்துக்கறேன்னுட்டேன். டிரைவர் வண்டிக்குள்ள தூங்கறான். நானும் மாசிலாமணியுந்தான். அந்தச் சனம் போகோணுமல்ல? படகு போயிருச்சு, சோத்தைப் பார்த்துட்டு நிக்குது. அவளும் நிக்கறா.

நான் மாசிலாமணிகிட்ட, அவளை அனுப்பிருன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அனுப்பிருன்னா என்னங்க அர்த்தம்? போகச் சொல்றதுதான?

ஏனுங் அப்படிப் பார்க்கறீங்? சரி, ஒரு கை போட்டு அனுப்பிருன்னு சொன்னேன். அது கண்ணு கழியறதுக்கு. நாம திங்கறப்ப நாய் வந்து நின்னா ஒரு உருண்டை தூக்கிப் போடறதில்லையா, அந்த மாதிரி. அதுக்குப் பேரு சோறு போடச் சொன்னதுங்களா? ஒருத்திக்கு, ஒரு கை. அந்த ஆளு என்ன பண்ணோணும்? ஒரு தாள்ல வெச்சுக் கையில குடுத்து முடிச்சிருக்கோணும். இவன் பெரிய தர்மப்பிரபு, இலையை விரிச்சுத் தண்ணி தெளிச்சு, 'உக்காரு தாயி'ங்கறான். அவளுக்குத் தமிழ் தெரியுமா, என்னமோ தெரிஞ்சாப்புல உக்காந்துட்டா, இடுப்புப் புள்ளையை மடியில வெச்சுக்கிட்டு. அவ உக்காரவும் அவ பக்கத்துல ஒரு கெழவன் வந்து உக்காந்தான். அவன் பக்கத்துல ரெண்டு புள்ளைக. யாரும் கூப்பிடலை, யாரும் சொல்லிக் குடுக்கலை, நூலு புடிச்சாப்புல வரிசையா உக்காந்துட்டாங்க. பத்தொம்பது பேரு. எதுக்க ஒண்ணும் இல்லாம, வெறும் மண்ணைப் பார்த்துட்டு.

எனக்கு வந்துச்சு பாருங் ஆத்திரம். எங்கூட்டுல தைப்பூசத்துக்குப் பழநி நடந்து போறவங்களுக்கு வருசா வருசம் தோட்டத்துல பந்தி போடறமுங்க. என்னைக் கேட்டா, சனத்தை உக்கார வெக்காம இருக்கலாம், அது தப்பே இல்லை. உக்கார வெச்சுட்டா அது பந்தி. அப்பறம் அது கம்போடியாவா இருந்தா என்ன, கைலாசமா இருந்தா என்ன? இவன் எல்லாருக்கும் இலையைப் போட்டு, எடுத்ததும் சோத்தைக் கொட்டறான். பொரியலு வெக்கலை, அப்பளம் வெக்கலை. 'மொதல்ல தொட்டுக்க வெய்யிடா, எங்க படிச்சே நீ'ன்னு கேட்டேன். கேக்கோணுமல்ல? சாம்பாரை மேலாக்கத் தண்ணியா மொண்டு ஊத்திட்டுப் போறான், அடியில இருக்கற காயைக் கலக்காம. நான் சாம்பார் போசியை அவன் கையில இருந்து புடுங்கி...

புடுங்கிப் பார்த்தேன். உப்பு இருக்குதான்னு.

பேனாவைக் கீழ வைங் அம்மிணி. வைங்கன்னா வைங். எழுதற மாதிரி இருந்தா நான் பேச மாட்டேன்.

ஆமா, ஊத்தினேன். முந்தானையை இழுத்துச் சொருகிட்டு நாந்தான் ஊத்தினேன். எனக்குக் கை சும்மா இருக்காது, அது என்ற வியாதி. எனக்கென்ன அதுக மேல பாசமா? அந்தக் கழுதைக சாம்பாரைத் திங்கலைங்க. மோந்து பார்த்துட்டு ஓரமாத் தள்ளி வெச்சுட்டு வெறுஞ்சோத்தைத் திங்குதுக. முருங்கக்காயை முழுசா மென்னு முழுங்கப் பார்த்தான் அந்தக் கெழவன், நான் கையைத் தட்டி உட்டு, இப்படிச் சப்பிப் போட்டுத் துப்போணும்னு காட்டிக் குடுத்தேன். அதைப் பார்த்து எல்லாஞ் சிரிக்குதுக. சோறு போடறவளைப் பார்த்துச் சிரிக்கற சனம். ஒருத்தி நிமுந்து கும்பிட்டாளா? இல்லையே. குனிஞ்ச தலை நிமுராமத் திங்குதுக.

வரிசை கடைசியில ஆறு இலை இருக்கறப்பச் சோறு தீந்து போச்சு.

மாசிலாமணி அண்டாவைச் சாச்சுக் காட்டறான். 'தீந்துருச்சுங்கம்மா. மூட்டையில இருக்கறது நம்ம ஆளுகளுக்குத்தான் கணக்கா இருக்குது, அதுல கை வெக்கக் கூடாதுங்க. இவங்களை எந்திரிக்கச் சொல்லிரலாங்க'ன்னான்.

எந்திரிக்கச் சொல்லலாம்ங்கறான். அவனுக்கென்ன தெரியும்? எனக்கு ஒம்பது வயசுல ஒரு கல்யாண ஊட்டுல பந்தியில உக்காந்தேன். கூப்பிட்ட கல்யாணமா கூப்பிடாத கல்யாணமா, அதெல்லாம் உங்களுக்கெதுக்கு. இலையில சோறு உளுந்து ஒரு கை எடுத்துட்டேன், மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை வந்துட்டாங்கன்னு எங்க வரிசையை எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. சோத்துக் கையோட எந்திரிச்சு நின்னேன். இலையைச் சுருட்டி என்ற கண்ணு முன்னாடி எடுத்துட்டுப் போனாங்க. அம்பத்தஞ்சு வருசம் ஆச்சு. அன்னைக்கு மத்தியானம் அந்தக் கொட்டாயில ஆறு பேரு வெறும் இலையைப் பார்த்துட்டு உக்காந்திருந்தாங்க, ஒருத்தி பத்து வயசுப் புள்ளை, இலையில ஒட்டியிருந்த தண்ணியை விரல்ல கோடு போட்டுட்டு இருந்தா.

நான் சொன்னேனுங்க. 'இலையில உக்கார வெச்சுட்டு இல்லைங்கறதா? இன்னொரு உலை வையி'ன்னேன்.

'ஆபீசுல கேட்டா நான் என்னங்கம்மா சொல்லறது?'

'கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீ அரிசியைக் கழுவு.'

அப்படித்தான் சொன்னேன். அந்த நேரத்துக்கு வாயில வர்றதுதான். பத்திரத்துலயா எழுதிக் குடுத்தேன்? உலை கொதிக்கறதுக்குள்ள இன்னும் சனம் வந்துருச்சு. எல்லாஞ் சேந்து நாப்பத்திரண்டு பேரு, எண்ணினேன். ஆளுக்கு மூணு தடவை வாங்கித் திங்குதுக. கடைசி ஆளு கை கழுவற வரைக்கும் நான் உக்காரலை. முட்டி வலின்னு குனிஞ்சு ஒரு சொம்பைக் கூட எடுக்காதவ, ரெண்டு மணி நேரம் குனிஞ்சு நிமுந்தேன், வலி எங்க போச்சுன்னு தெரியலை. வயித்து வலியும் அந்த ரெண்டு மணி நேரம் இல்லை. இந்தக் கூத்தை டாக்டர்கிட்ட சொன்னா சிரிப்பாரு.

படகு திரும்பறதுக்குள்ள எடத்தைச் சுத்தம் பண்ணியாச்சு. மாசிலாமணிகிட்ட, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும், யார்கிட்டயும் மூச்சு உடக் கூடாதுன்னு சொன்னேன். சரிங்கம்மான்னான். அதுக்குன்னு வேலை போற வரைக்கும் மூச்சு உடாம இருப்பான்னு நான் கண்டனா? அவன் ஒரு அசடுங்க.

அப்பறந்தான் உங்களுக்குத் தெரியுமே. எட்டாவது நாளு காத்தால அரிசி இல்லை. அங்க விக்கற அரிசி பசையாட்டம் ஒட்டும், நம்மாளுக தொட மாட்டாங்க. சம்பந்தியம்மாவுக்குச் சக்கரை வியாதி, நேரத்துக்குச் சோறு வேணும். ஓட்டல் வாசல்ல தலை சுத்தி உக்காந்துட்டாங்க. எல்லாருங் கூடிட்டாங்க. அரிசி எங்கய்யா போச்சுன்னு அவனைச் சுத்தி நின்னு கேக்கறாங்க. அந்த ஆளு தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தான். ஒரே ஒரு தடவை. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. 'என்னை என்ன பார்க்கறே? கேக்கறாங்கல்ல, பதில் சொல்லு'ன்னு நாந்தான் சத்தம் போட்டேன். எல்லாரையும் விட நாந்தான் அதிகமாப் பேசினேன். திருட்டுப் பயலேன்னு கூடச் சொன்னேன்.

'தப்பு என்றதுதாங்கம்மா'ன்னான். அவ்வளவுதான். ஏனுங், அவனே ஒத்துக்கிட்டான், இதுக்கு மேல நான் என்ன பேசறது?

அந்த எடத்துல நான் சொல்லியிருக்கோணும்ங்கறீங்களா? நீங்க சின்ன வயசு, உங்களுக்குச் சம்பந்தி இல்லை. அவங்க நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டுச் சாஞ்சு கெடக்கறாங்க, நான் போயி, நாந்தான் உங்க சோத்தை எடுத்து ஏரிக்கரைச் சனத்துக்குப் போட்டேன்னு சொல்லறதா? ஊரு வந்ததுல இருந்து அவங்க இதையேதான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க. உசுரு போயிருக்கும், நல்ல காலம் பொழைச்சு வந்தேன்னு. தெரிஞ்சா என்ற மக கோமதி அந்த ஊட்டுல ஒரு நாளு சோறு திங்க முடியுமா? ஒவ்வொரு கைக்கும் ஒரு பேச்சு உளுகும். மாசிலாமணி ஆம்பளை, கையில தொழில் இருக்குது, கல்யாண மண்டபத்துக்குப் போனாக்கூடப் பொழைச்சுக்குவான். அம்பத்தெட்டு வயசெல்லாம் ஒரு வயசா? மக பொழைப்பு அப்படியில்லீங்க.

டீச்சர் அழுதாங்க, போட்டோ எடுத்தாங்க, நல்லவங்கன்னு பேரு வாங்கிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒரு வாய்ச் சோறு போடலை. அவங்க மேல யாரும் புகார் எழுதலை. இதுதானுங்க ஒலகம். நான் யாருக்கும் நல்லவளா இருக்கோணும்னு போடலை. அந்தச் சனத்தை எனக்குப் புடிக்கவே இல்லை, இப்பவும் புடிக்கலை. இலையில உக்கார வெச்சாச்சு, போட்டேன்.

சரி, பொழுதாகுது, நீங்களும் திரும்பிப் போகோணும். கேட்டது ஒரே கேள்விதான? பயணிகள் யாராவது சொன்னாங்களான்னு. எடுங் பேனாவை. நான் சொல்றதை மட்டும் எழுதுங். எங்களில் ஒருவரும் சோறு போடச் சொல்லவில்லை. சமையல்காரர் மாசிலாமணி தன் இஷ்டத்துக்குப் போட்டார். எழுதிட்டீங்களா? வாசிங்.

ஆ. அப்படித்தான்.

இன்னும் ஒரு வரி எழுதுங். நாப்பத்திரண்டு பேரும் வயிறு நெறஞ்சு எந்திரிச்சாங்க. ஒருத்தர் கூடப் பாதியில எந்திரிக்கலை.

எழுதிட்டீங்களா?

வேண்டாம், அதை அடிச்சுருங். படிச்சா யாரோ பக்கத்துல நின்னு பார்த்தாப்புல இருக்கும். நல்லா அடிங், எழுத்துத் தெரியக் கூடாது. ம். இப்பக் குடுங், கையெழுத்துப் போடறேன்.